எங்கள் கிணறு, பின்னால் ஓடும் சானல், மணக்குடிக் கடல்

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் சுசீந்திரத்துக்கும் தேரூருக்கும் நடுவில், அணைத் தண்ணீரை வயலுக்குக் கொண்டுபோகிற சானல் கரையை ஒட்டி 6 சென்ட் இடத்தில் வீடு. அம்மை கல்யாணமாகி வந்த காலத்தில் சுற்றியிருந்த நாலு வீட்டுக்காரர்களும் இந்தக் கிணற்றில்தான் கோரிக்கொண்டு போவார்களாம். இந்தத் தண்ணீரில் பருப்பு வேகிற மாதிரி வேறெந்தத் தண்ணீரிலும் வேகாது என்று இன்றைக்கும் சொல்வாள். அப்படிப்பட்ட கிணறு. இரண்டு வருடம் முன்னால் மழை கொட்டித் தீர்த்த வாரத்தில் வீட்டில் ஒருத்தர் விடாமல் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு, தங்கச்சி பிள்ளைக்கு டிரிப் ஏற்ற வேண்டியதாகிவிட்டது. டாக்டர் கேட்ட முதல் கேள்வியே குடிக்கிற தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்பதுதான்.

சோதனைக்குக் கொடுத்தோம். குடிக்கிற தண்ணீர் 100 மில்லி எடுத்துப் பார்த்தால் அதில் ஈ.கோலை என்கிற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தாளில் இருந்தது. மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு உடனே சானல் மேல்தான் கோபம் வந்தது, அதில் ஊர் அழுக்கெல்லாம் ஓடுகிறது, அங்கிருந்துதான் ஊறி வந்திருக்கும் என்று நினைத்தேன். கிணற்றைப் பார்க்க வந்த கொத்தனார் எதுவும் சொல்லாமல் டேப்பை எடுத்து எங்கள் கக்கூஸ் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவில் பிடித்துக் காட்டினார். 11 அடி.

செப்டிக் டேங்க் என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பது பல வீடுகளில் செப்டிக் டேங்கே இல்லை. மண்ணைத் தோண்டி நாலைந்து சிமென்ட் உறையை இறக்கி மேலே ஸ்லாப் போட்டு மூடியது, அடி திறந்தே கிடக்கும். கோடையில் தண்ணீர் கீழே போய்விடும், குழிக்கும் ஊற்றுக்கும் நடுவில் காய்ந்த மண் இருக்கும், அந்த மண் ஓரளவு வடிகட்டிக் கொடுக்கும். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. மழையில் நிலத்தடி நீர் ஏறி வந்து குழியைத் தொட்டுவிட்டால் அப்புறம் குழித் தண்ணீர் வேறு, கிணற்றுத் தண்ணீர் வேறு என்று ஒன்றும் இல்லை. டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் மழைக்காலத்தில் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஆனால் கழிவிலிருந்து இறங்குகிற நைட்ரேட் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும், கைக்குழந்தைக்கு அது ஆபத்து. இதை நான் தெரிந்துகொண்டது வயது நாற்பதைத் தாண்டிய பிறகு என்பதுதான் எனக்கு வருத்தம்.

நம் மாவட்டத்தில் பெரிய புகைபோக்கி வைத்த ஆலைகள் அதிகம் கிடையாது. அதனாலேயே மாசு என்றால் அது திருப்பூர்ச் சாயம், வாணியம்பாடித் தோல் கழிவு, டில்லிப் புகை என்று ஒரு நினைப்பு நமக்கு. மலையும் கடலும் வயலும் இருக்கிற ஊர், இங்கே என்ன மாசு என்று கேட்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்த 11 அடிக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் ஓடுவதைக் கவனித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

கன்னிப்பூ என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு அணை திறந்து சானலில் முதல் தண்ணீர் வருகிற நாளில் எங்கள் பக்கத்துச் சின்னப் பாலத்தில் ஒரு அரைமணி நேரம் நின்று பாருங்கள். சின்ன வயதில் நாங்கள் அந்தத் தண்ணீருக்கு முன்னால் ஓடுவோம், காய்ந்த சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். இப்போது தண்ணீர் தெரியவே நேரமாகிறது. முதலில் வருவது ஊறித் தலையணை மாதிரி உப்பிய டயப்பர்கள். அப்புறம் சாக்கில் கட்டிய கோழிச் சிறகும் குடலும், தெர்மாகோல், கல்யாண மண்டபத்துத் தட்டுகள், பால் கவர், மாத்திரை அட்டை. வயலுக்குத் திரும்புகிற மடையில் எல்லாம் ஒன்றாக வந்து அடைத்துக்கொள்கிறது. ஒரு பெரியவர் முட்டளவு தண்ணீரில் இறங்கி மண்வெட்டியால் வாரி வாரிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார், கையில் உறை இல்லை. உடைந்த டியூப்லைட் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து ஓரமாகச் சாய்த்து வைத்தார், மாடு மிதித்துவிடும் என்று.

மடையில் அடைபடாதது குளத்துக்குப் போகிறது. இந்த மாவட்டத்தில் குளங்களுக்குக் குறைவில்லை, ஒன்று நிறைந்து மறுகால் பாய்ந்து அடுத்தது நிறைகிற மாதிரி முன்னோர்கள் வெட்டி வைத்தது. சுசீந்திரம் தேரூர் குளங்களையும் வேம்பனூரையும் 2022ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள். எங்கிருந்தோ பறந்து வருகிற பறவைகளுக்காக உலகமே கவனிக்க வேண்டிய நீர்நிலைகள் அவை, நாம் குளிக்கிற துவைக்கிற குளங்கள். ஆனால் சாக்கடைத் தண்ணீரும் சோப்புத் தண்ணீரும் வயலில் போட்ட உரமும் வந்து சேரச் சேர, குளத்துக்கு அளவுக்கு மீறிச் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அதைத் தின்று வளர்வது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து வந்த செடி, தீனி நன்றாகக் கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அது மேலே மூடிவிட்டால் வெயிலும் காற்றும் உள்ளே இறங்காது, அழுகி விழுகிற செடி அடியில் இருக்கிற ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் குளத்தங்கரைக்குப் போனால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கலாம். ராத்திரி முழுக்கப் பாசியும் செடியும் சேர்ந்து மூச்சை எடுத்துவிட்டு மீனுக்கு மிச்சம் வைப்பது அவ்வளவுதான். நாங்கள் அதை வேடிக்கையாகப் பார்த்திருக்கிறோம். அது மூச்சுத் திணறல்.

குளமும் சானலும் சேர்ந்து பழையாற்றுக்குப் போகும், பழையாறு நாகர்கோவில் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு மணக்குடியில் கடலைச் சேரும். பொழிமுகத்தில் அலையாத்திச் செடிகள் இருக்கின்றன, அவற்றின் வேர்களில் பால் கவரும் சாஷே பாக்கெட்டும் சிக்கி, வேரே தெரியாத அளவுக்குத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் அந்தப் பக்கத்துக் கரையில் கரமடி, அதாவது கரையில் நின்றே இழுக்கிற வலை, இழுத்துக்கொண்டிருந்தார்கள். மடி கரையேறியதும் எட்டிப் பார்த்தேன், நெத்திலியும் கொஞ்சம் காரலும், மீதி பாதி பிளாஸ்டிக். வயதானவர் ஒருவர் மீனை ஒருபக்கம் பிளாஸ்டிக்கை ஒருபக்கம் பிரித்துக்கொண்டே, "மீனு வரவர கொறவு மக்களே, இதுதான் கூடிட்டே வருது" என்றார். அந்தக் குவியலில் எங்கள் ஊர் பேக்கரியின் பெயர் அச்சடித்த கவர் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன், இன்னும் வீட்டில் இருக்கிறது.

கடல் வழியாக வருவதும் உண்டு. 2025 மே மாதக் கடைசியில் கொச்சிக் கடலில் ஒரு சரக்குக் கப்பல் மூழ்கியது நினைவிருக்கும். அதிலிருந்த கன்டெய்னர்கள் உடைந்து பிளாஸ்டிக் குருணைகள் நம் மேற்குக் கரை ஊர்கள் வரை வந்து ஒதுங்கின. உளுந்து அளவில் வெள்ளை வெள்ளையாக, மணலோடு மணலாக. இதை உருக்கித்தான் வாளி, குடம், கவர் எல்லாம் செய்கிறார்கள். மாவு அரிப்பைக் கொண்டுபோய் நாங்கள் மூன்று பேர் ஒரு காலை முழுக்க அரித்தோம், ஒரு சின்ன வாளிகூட நிறையவில்லை. அடுத்த அலை வந்து அரித்த இடத்திலேயே மறுபடி போட்டுவிட்டுப் போனது. மீனுக்கு அது முட்டை மாதிரித் தெரியும், விழுங்கிவிடும்.

காற்றும் இதோடு சேர்ந்ததுதான். சானலில் போட மனம் வராதவர்கள் சாயங்காலம் முற்றத்து ஓரத்தில் கூட்டி வைத்துக் கொளுத்துகிறார்கள். சருகு மட்டும் எரிந்தால் ஒரு கணக்கு, அதற்குள் கவரும் பி.வி.சி. பைப் துண்டும் கிடந்தால் டையாக்சின் மாதிரி நஞ்சு கிளம்பும், அது காற்றில் போய்ப் புல்லில் படிந்து பசுவின் பால் வரைக்கும் வரும். இன்னொரு பக்கம் கல் குவாரித் தூசி. என் சித்தி வீடு மார்த்தாண்டம் போகிற ரோட்டோரம். மலையை உடைத்த கல்லையும் எம்-சாண்டையும் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு டாரஸ் லாரிகள் வரிசையாகப் போகும், நிறைய லாரிகளில் மேலே தார்ப்பாய் இருக்காது. அவள் விளையில், வீட்டுத் தோட்டத்தில், வெட்டிய வாழை இலையை இரண்டு தடவை கழுவினால்தான் சோறு போட முடியும், முதல் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடும். இலைக்கு அப்படி என்றால் நுரையீரலைக் கழுவ வழியில்லை, கல் தூசியில் இருக்கிற சிலிக்கா உள்ளே போனால் அங்கேயே தங்கிவிடும். கல் அங்கே போகிறது, திரும்பி வருகிற வண்டிகள் சிலவற்றில் ஆஸ்பத்திரிக் கழிவும் ஓட்டல் கழிவும் எல்லையில் இருக்கிற களியக்காவிளை தாண்டி இங்கே வந்து விழுகிறது. ஊர்க்காரர்கள் ராத்திரி காவல் நின்று பிடித்துக் கொடுத்த வண்டிகள் உண்டு. அப்படி நின்றவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சத்தத்தைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை, ராத்திரி 10 மணிக்கு மேல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000லேயே விதி வந்துவிட்டது. கோயில், சர்ச், பள்ளிவாசல், கல்யாண வீடு என்று எல்லோருக்கும் ஒரே விதிதான். கமிட்டியில் இருப்பவர்கள் நம் மாமா, மச்சான்தான், போய்ச் சொன்னால் குறைக்கிறார்கள். நான் சொல்லிக் குறைத்திருக்கிறார்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம் என்றால், முதலில் குழியை மாற்றினோம். வீட்டின் மறுபக்கம், கிணற்றிலிருந்து இடம் விட்ட மட்டும் தள்ளி, அடியும் பக்கமும் பூசிய இரண்டு அறைத் தொட்டி. முதல் அறையில் கசடு அடியில் தங்கும், தெளிந்தது இரண்டாவது அறைக்குப் போகும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கு. கையில் இருந்த சேமிப்பு போய்விட்டது, ஆனால் டிரிப் ஏற்றிய பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு அது பெரிய செலவாகத் தெரியவில்லை. அடுக்களைக் கழிவு முழுக்கத் தென்னை மூட்டுக்கு, மரத்தடிக்கு, போகிறது, மேலே கொஞ்சம் சருகும் மண்ணும் போட்டால் நாற்றம் வராது. பால் கவரை அலசிக் காயவைத்துத் தனிச் சாக்கில் சேர்த்துக் குப்பை எடுக்க வருகிற அக்காவிடம் கொடுக்கிறோம். ஈரமாகக் கலந்து கொடுத்தால் எதுவுமே மறுபடி உருக்கத் தேறாது, சேர்ந்து கிடங்கில் மலையாகக் குவிந்து கோடையில் தீப்பிடிக்கும் என்று அந்த அக்காதான் சொல்லிக் கொடுத்தார். மீன் வாங்க அம்மை பழையபடி சருவம் எடுத்துக்கொண்டு போகிறாள். 2019 ஜனவரி 1லிருந்து தமிழ்நாட்டில் மீன் போட்டுத் தருகிற பிளாஸ்டிக் கவருக்குத் தடை, ஆனால் சந்தையில் கேட்காமலேயே போட்டுக் கொடுக்கிறார்கள், நாம் பாத்திரத்தை நீட்டினால்தான் நிறுத்துகிறார்கள். எனக்கு நினைவு தெரிந்து பூவும் இறைச்சியும் தாமரை இலையில்தான் கட்டித் தருவார்கள், அந்த இலை இதே குளத்தில் பறித்தது.

வீட்டளவில் முடியாதவையும் இருக்கின்றன. ஊர்ச் சாக்கடை பழையாற்றில் விழுவதற்கு முன்னால் சுத்திகரிக்கப்பட வேண்டும், குவாரி லாரிகளை நிறுத்திப் பார்க்க ஆள் வேண்டும், அணை திறப்பதற்கு முன்னால் சானலைத் தூர்வார வேண்டும். இதற்கெல்லாம் கிராமசபையில் எழுந்து கேட்கத்தான் வேண்டும். இந்த வருடம் நாங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், தண்ணீர் திறப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஜேசிபி வந்து எங்கள் பாலம் வரைக்கும் வாரியது. பாலத்துக்கு அந்தப் பக்கம் அப்படியே கிடக்கிறது.

கிணற்றை இறைத்துத் தூர்வாரி பிளீச்சிங் பவுடர் போட்டு, போன மாதம் மறுபடி தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன். முன்பைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது, ஆனால் பூஜ்யம் ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் குழி எங்கள் கிணற்றிலிருந்து 14 அடியில் இருக்கிறது. அந்த அண்ணனிடம் இரண்டு தாளையும் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவர் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்து என் கையில் கொடுத்தார். தை மாதம் குழியை மாற்றிவிடலாம் என்றிருக்கிறார், கொத்தனாரிடம் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.