தண்டப்பணம் வேறு, நட்டஈடு வேறு

லொறி மோதிக் கால் முறிந்த மச்சானுடன் இன்று மட்டக்களப்பில் சட்டத்தரணி ஒருவரைச் சந்தித்தபோது, அவர் எக்ஸ்ரே படத்தைப் பார்க்குமுன் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியை வாங்கி, விபத்து நடந்த திகதியின் கீழ் பென்சிலால் கோடிட்டார்.

காயத்துக்கான நட்டஈட்டு வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யாவிட்டால் உரிமை காலாவதியாகிவிடும்.

நீதவான் நீதிமன்றத்தில் சாரதி தண்டப்பணம் கட்டியதோடு விடயம் முடிந்ததென்றே மச்சான் நினைத்திருந்தார். அந்தப் பணம் அரசுக்குரியது; தொழில் இழப்பு, வைத்தியச் செலவு, பட்ட வேதனை ஆகியவற்றுக்கான முழு ஈட்டையும் மாவட்ட நீதிமன்றத்தில் தனி வழக்காகவே கோர வேண்டும். (இதை விளக்காமல், சிறு தொகைக்குச் சமரசமாகப் போகச் சொல்பவர்களே ஊரில் அதிகம்.)

கட்டண விபரத்தை எழுத்தில் பெற்ற பின்னரே மச்சான் பிரொக்சியில் (தனக்காக வழக்கில் தோன்றச் சட்டத்தரணிக்கு அதிகாரமளிக்கும் பத்திரத்தில்) கையொப்பமிட்டார். வசதி குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.