12.6 என்றால் இரத்தச்சோகையா, இல்லையா?

நுவரெலியாவில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12.6 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு எல்லை 12, அதற்குக் கீழே போனால் சோகை. தரவு பார்ப்பவர் 'சோகை இல்லை' என்று குறித்துவிட்டு அடுத்த நிரைக்குப் போய்விடுவார். ஆனால் உயரமான இடத்தில் ஒட்சிசன் குறைவு. உடல் அதற்கு ஈடாக ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 வழிகாட்டலின்படி 1500 முதல் 1999 மீற்றர் வரை வாழ்பவர்களுக்கு அளவில் 1.1 கழிக்க வேண்டும். நுவரெலியா நகரம் 1868 மீற்றரில் இருக்கிறது. கழித்தால் 11.5. அந்தப் பெண்ணுக்குச் சோகை இருக்கிறது.

இளம் மருத்துவ ஆய்வாளரும் தரவியல் படித்தவரும் சேர்ந்து உட்கார வேண்டிய இடம் இதுதான். கழிப்பதற்கு உயரம் ஒரு நிரலாக இருக்க வேண்டும். அதுவும் ஆஸ்பத்திரியின் உயரம் அல்ல, அவர் குடியிருக்கும் லயத்தின், அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் உயரம். ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷன் 1500ஐத் தாண்டியும் கீழ் டிவிஷன் 1000 முதல் 1499 வரையிலும் இருந்தால், கீழே இருப்பவர்களுக்குக் கழிவு 0.8தான். அளந்த எண்ணும் திருத்திய எண்ணும் தனித்தனி நிரல்களில் இருக்கட்டும். ஒன்றின் மேல் ஒன்றை எழுதினால் யாராவது இரண்டாம் முறை கழித்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பில் மென்பொருளைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொரு நிரலுக்கும் பெயர், அலகு, எந்தக் கருவி, அளவு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இருவரும் எழுதுங்கள். கிடைக்காத இடத்தில் 0 போட்டால் சராசரியே சரிந்துவிடும், வெற்றாக விடுங்கள். சொற்களையும் பேசித் தீருங்கள். 'மாதிரி' என்றால் மருத்துவருக்குக் குழாயில் இருக்கும் இரத்தம். மற்றவருக்கு ஆய்வுக்கு எடுத்த ஆட்கள், சில நேரம் கணினி மாதிரியுரு. இந்த ஒரு சொல்லால் ஒரு மணி நேரம் வீணாகும்.

அடையாள அட்டை இலக்கத்தை ஆய்வு இலக்கமாக வைக்கவே கூடாது. அதில் பிறந்த நாளும் பாலும் தெரிந்துவிடும். பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டியிருக்கும். பெயரும் உதவாது: கிளினிக் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் ஆங்கிலத்துக்கு வரும்போது எழுத்து மாறி, ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். புதிய இலக்கம் கொடுத்து, பெயரோடு சேர்க்கும் பட்டியலை வேறாகப் பூட்டி வையுங்கள். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் முதலில் என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்.

இந்தத் தரவில் பழக்கி, யாருக்குச் சோகை என்று கணிக்க வைக்கும் கணினி மாதிரியுருவைச் சோதிக்க, ஆட்களைக் குலுக்கிப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்காதீர்கள். ஒரே லயத்தில் இருப்பவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கழிவறையும் ஏறக்குறைய ஒன்று. பயிற்சியில் ஒருவர், சோதனையில் பக்கத்து வீட்டுக்காரர் என்றால் மாதிரியுருவின் மதிப்பெண் பொய்யாக உயரும். ஒரு தோட்டத்தை முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதியுங்கள்.

இரத்தம் எடுக்கும் நாளில் தரவியல் ஆளும் போக வேண்டும். குளிரில் விரல் விறைத்திருக்கும். துளி வராது, பிழிவார்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு பிழையாகிவிடும். கையைச் சூடாக்கி, முதல் துளியைத் துடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். யார் குத்தினார் என்பதற்கும் ஒரு நிரல் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஒருவருடைய கைப்பழக்கம் ஒரு டிவிஷனின் சோகையாகப் பதிவாகிவிடும்.