வாகீஸ்வரியின் துருத்தி

9 ஜூன் 2024, ஞாயிறு

பழைய கேமரா ஒன்றை வாங்கியே விட்டேன். நாகர்கோவிலில் ஷட்டர் இறக்கிப் பல வருடமான ஒரு ஸ்டூடியோவின் மச்சில், பழைய திருமண ஆல்பங்களுக்கு அடியில் கிடந்தது. தேக்குப் பெட்டி, பித்தளைத் திருகுகள், முன்னே ஒரு லென்ஸ், பின்னே பிம்பம் விழுந்து தெரிகிற, விரிசல் விட்ட தேய்கண்ணாடி. "அப்பா போன பெறகு யாரும் தொடல, தம்பி. ஒரு ஓட்டல்காரன் வரவேற்புல நிறுத்த கேட்டான். படம் எடுக்கேன்னு சொன்னா உங்களுக்கே தாறேன்" என்றார் அண்ணாச்சி. பேரம் பேச வாய் வரவில்லை. ஏழாயிரத்து ஐந்நூறு.

ஈரத்துணியால் துடைத்தபோது தகட்டில் பெயர் தெரிந்தது: வாகீஸ்வரி, ஆலெப்பி. ஆஃப் பிளேட் கேமரா. அதாவது நெகட்டிவ் 4¾ அங்குலத்துக்கு 6½ அங்குலம். அஞ்சலட்டையை விடப் பெரிது.

11 ஜூன்

இரவு பதினொரு மணிக்கு வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டு, டார்ச்சைப் பெட்டிக்குள் வைத்து, லென்ஸுக்கும் தேய்கண்ணாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக நீளும் துருத்தியை முழுக்க இழுத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கார்த்திகை வானம். நாற்பது வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். ஓட்டைகள் அத்தனையும் மடிப்பு மூலைகளில். மடிந்து விரிந்து தேய்கிற இடம் அதுதான். போதாததற்குப் பசை ருசிக்குக் கரப்பான் கரம்பியிருக்கிறது.

புதுத் துருத்தி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றான் ஒரு நண்பன். விலையைக் கேட்டதும் கேமராவைத் திரும்பிப் பார்த்தேன். அதைப் போல இரண்டு மடங்கு.

16 ஜூன், ஞாயிறு

யோசித்தால் வழி இந்தக் கேமராவின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆலெப்பி என்கிற ஆலப்புழையில் இதை 1940களில் செய்யத் தொடங்கியவர் கே. கருணாகரன். இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் குடும்பம். ஸ்டூடியோக்காரர் ஒருவர் கேமராத் துருத்தியைச் சரிசெய்யக் கொண்டுவந்து கொடுத்ததில் தொடங்கியதுதான் எல்லாம். பெயரும் சரஸ்வதியின் பெயர். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊரும் ஆலப்புழையும் ஒரே ஆட்சியின் கீழ்தான் இருந்தன. இது இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆக, கேமரா மெக்கானிக்கைத் தேடாமல் வடசேரிப் பக்கம் ஆர்மோனியப் பெட்டி சரிசெய்கிற பாட்டாவிடம் கொண்டு போனேன். எண்பதைத் தாண்டியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் துருத்தியை விரலால் நெருடினார்.

"இது துருத்திதானே மக்கா. காத்து போவாம ஒட்ட எனக்குத் தெரியும். வெளிச்சம் போவாம ஒட்டணும்னா நீதான் சொல்லணும்."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆர்மோனிய மூலைக்குப் போடும் மெல்லிய ஆட்டுத்தோல் காற்றை நிறுத்தும். ஆனால் டார்ச்சுக்கு முன் பிடித்தால் அப்பளம் போல ஒளி கசிகிறது. தடித்த தோல் போட்டால் மடிப்பு பருத்துப் பெட்டி மூடாது. கடைசியில் அதே மெல்லிய தோலுக்கு இரண்டு பக்கமும் கறுப்புச் சாயம் ஏற்றுவது என்று முடிவானது. உட்பக்கம் மினுங்கவும் கூடாது. மினுங்கினால் உள்ளேயே ஒளி தெறித்துப் படம் வெளுத்துவிடும்.

23 ஜூன்

ஒட்டுவது முழுக்க வச்சிரப் பசையில். பாட்டா அதை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துக் காய்ச்சும்போது வருகிற நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. "ஃபெவிக்கால் வெறச்சுப் போவும், மடிப்புல வெடிக்கும்" என்பது அவர் கட்சி. ஒரு நாளைக்கு நான்கு மூலைக்கு மேல் தொட மாட்டார். மழை விட்டபாடில்லை, ஒட்டினது காயவும் மாட்டேன் என்கிறது.

(இன்று பாட்டா மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது, லென்ஸ் பலகை அருகில் இருந்த ஒரு மூலையை நானே ஃபெவிக்கால் வைத்து ஒட்டிவிட்டேன். சும்மா இருக்க முடியவில்லை.)

30 ஜூன்

லென்ஸ் நாள். வளையத்தைத் துடைத்ததும் மூச்சு நின்றது: கார்ல் ஸைஸ் ஜெனா, டெஸ்ஸார், 21 சென்டிமீட்டர் (குவியதூரம்), எஃப் 4.5. பால் ருடால்ஃப் 1902இல் வடிவமைத்த அதே நான்கு கண்ணாடி அமைப்பு. ஆஃப் பிளேட்டின் மூலைவிட்டமும் கிட்டத்தட்ட இருபது சென்டிமீட்டர்தான். வாங்கிப் பொருத்தியவர் கணக்குத் தெரிந்தவர்.

உள்ளே பூஞ்சை, சிலந்தி வலை மாதிரி. எங்கள் ஊர் ஈரத்துக்கு இது வராமல் இருந்தால்தான் அதிசயம். முன்பக்கக் கண்ணாடிகளைக் கழற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து பஞ்சில் தொட்டு வழித்தேன். முக்கால்வாசி போயிற்று. வேர் ஓடிய தடம் இரண்டு அப்படியே நிற்கிறது. பின்னால் ஒட்டியிருக்கிற ஜோடிக்கண்ணாடியின் விளிம்பில், ஒட்டின பசையான பால்சம் கொஞ்சம் விட்டிருக்கிறது. அதில் கை வைக்கிற துணிச்சல் எனக்கு இல்லை.

7 ஜூலை, ஞாயிறு

மரம். ஒரு மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்ததும் பிசுபிசுத்தது. அப்படியானால் அரக்குப் பாலிஷ்தான். சுரண்ட வேண்டியதில்லை. அரக்குச் சில்லை ஸ்பிரிட்டில் ஊறவைத்து அதன் மேலேயே மெல்லிசாக ஏற்றினேன். ஸ்டூடியோக்காரரின் கட்டைவிரல் பட்டுப்பட்டு வெளுத்த இடத்தை மட்டும் தொடவில்லை. பழைய பொருளைக் கடையிலிருந்து நேற்று வந்தது போல மாற்றுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

அந்தக் கோபத்துக்கு எனக்குத் தகுதி இல்லை என்பது சாயங்காலம் தெரிந்தது. ஃபோகஸுக்குத் திருப்பும் பல்சக்கரத்துக்கு அடியில் நான்காக மடித்த பஸ் டிக்கெட் ஒன்று இருந்தது. குப்பை என்று எறிந்தேன். அதற்குப் பிறகு சக்கரம் பல்லில் பிடிக்காமல் வழுக்கியது. தேய்மானத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறார் மனிதர்! குப்பைக்கூடையைக் கொட்டித் தேடினால் கிடைக்கவில்லை. பாட்டாவிடம் சொன்னேன். "வேற டிக்கெட்டு வையி. போற பஸ்ஸெல்லாம் ஒண்ணுதான்" என்றார். வைத்தேன். பிடித்துக்கொண்டது.

14 ஜூலை

தேய்கண்ணாடி. இரண்டு மில்லிமீட்டர் கண்ணாடியை அளவுக்கு வெட்டிவந்து, மேலே 400 நம்பர் கார்பரண்டம் பொடியும் தண்ணீரும் தெளித்து, இன்னொரு சின்னக் கண்ணாடித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். பிறகு 600. ஒன்றரை மணி நேரம். தோசைக்கு அரைத்தது போல ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தில் கரகரப்பு குறைந்தால் பொடி மாற்ற வேண்டும்.

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். எதிர்வீட்டு மாடியில் காயப்போட்ட வேட்டி தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தது. அம்மா காபி கொண்டுவந்து இரண்டு முறை கூப்பிட்டாளாம்.

21 ஜூலை, ஞாயிறு

முதல் சோதனை. படம் அச்சிடும் என்லார்ஜிங் பேப்பரையே நெகட்டிவாக வைத்தேன். சிவப்பு பல்பில் குளியலறையிலேயே கழுவிவிடலாம். பாட்டாவின் பட்டறைத் திண்ணையில் வைத்து, லென்ஸை முழுக்கத் திறந்து, முன்வரிசை எண்ணெய்க் குப்பி மேல் ஃபோகஸ் செய்து, லென்ஸ் தொப்பியைக் கழற்றி ஒன்று எண்ணி மூடினேன்.

குப்பி மங்கல். அதற்கு முக்கால் சாண் பின்னால் இருந்த ஆர்மோனியக் கட்டைகள் கத்தி போலத் தெளிவு. நான்கு தடவையும் அதே கதை.

23 ஜூலை

கண்டுபிடித்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. தேய்த்த பக்கம் லென்ஸைப் பார்க்க வேண்டும். நான் வெளியே பார்க்க வைத்திருந்தேன். பிம்பம் விழுவது தேய்த்த பரப்பில். அது கண்ணாடியின் கனத்துக்கு, அதாவது இரண்டு மில்லிமீட்டர், பின்னால் போய்விட்டது. பேப்பர் முன்னாலேயே நின்றது. அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் வெளியே முக்கால் சாணாக விரிந்திருக்கிறது. திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் ஆனது.

4 ஆகஸ்ட்

ஃபிலிமுக்குப் பதில் அந்தக் காலத்தில் போட்ட கண்ணாடி பிளேட்டை இப்போது யார் செய்கிறார்கள்? எக்ஸ்ரே ஃபிலிம்தான் ஏழைக்கு. 8-க்கு 10 அங்குலத் தாளைப் பாதியாக நறுக்கி ஓரம் கழித்தால் இரண்டு ஆஃப் பிளேட் கிடைக்கும். பச்சை ஒளி வரைக்கும்தான் அதற்குக் கண். சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். தொல்லை என்னவென்றால் இரண்டு பக்கமும் எமல்ஷன், அதாவது ஒளி பதிகிற பூச்சு. தட்டின் அடியில் உரசினாலே கீறும். தட்டுக்குள் ஒரு கண்ணாடியைப் போட்டு அதன்மேல் கழுவுகிறேன். பழைய ஹோல்டர் கண்ணாடி பிளேட்டின் கனத்துக்குச் செய்தது. ஃபிலிமுக்குப் பின்னால் அட்டை கொடுத்து முன்னுக்குத் தள்ளியாயிற்று.

18 ஆகஸ்ட், ஞாயிறு

பாட்டாவைப் படம் எடுத்தேன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முன்னால் அவருடைய சொந்தப் பெட்டி. முதலில் அவரைத் துணிக்குள் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "எல்லாம் மல்லாந்து கெடக்கு" என்றார் வெளியே வந்து.

லென்ஸ் துளையைச் சுருக்கி எஃப் 22, இரண்டு விநாடி. "பாட்டா, அசையக் கூடாது." தொப்பியைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு.

20 ஆகஸ்ட்

நெகட்டிவைப் பேப்பர் மேல் நேராகப் பதித்து காண்டாக்ட் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோனேன். முகத்தில் ஒவ்வொரு சுருக்கமும் எண்ணலாம். இடது கை மட்டும் புகை. மனிதர் பழக்கத்தில் துருத்தியை அமுக்கியிருக்கிறார். படத்தின் மேல் ஓரத்தில் ஒரு வெளிச்சக் கீற்றும் குறுக்கே ஓடுகிறது. சாயங்காலம் போல் அது அப்படியொன்றும் மோசமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாட்டா முகத்தையும் பார்க்கவில்லை, கையையும் பார்க்கவில்லை. கீற்றின் மேல் விரலை வைத்தார்.

"இந்த மூலைய எவம்லே ஒட்டுனான்?"

கேமராவைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். வச்சிரம் நாளைக் காலையில் காய்ச்சுவாராம்.