மச்சான் பெயரில் காணி

நேற்றுப் பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் காற்று வாங்கிக்கொண்டே, இலங்கை இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அரசியல்வாதிகளின் சொத்து விபரங்களைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு, காணி, வாகனம், நகை, வங்கி வைப்பு, கடன். கணக்கு இலக்கங்களை மறைத்திருக்கிறார்கள், அது சரிதான்.

1975ஆம் ஆண்டுச் சொத்து வெளிப்படுத்தல் சட்டம் இருந்த காலத்தில் இதையெல்லாம் கேட்டு வாங்கினாலும் வெளியே சொல்ல முடியாது, சொன்னால் குற்றம். 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் வந்த பிறகுதான், மார்ச் 31 வரையான கணக்கை வருடாவருடம் ஜூன் 30க்குள் கொடுக்கவேண்டும், சனமும் பார்க்கலாம் என்று ஆனது. கணவன் மனைவி, தங்கிவாழும் பிள்ளைகள் சொத்தும் அதில் வரவேண்டும்.

மச்சான் வரமாட்டாரே! நிலாவெளிப் பக்கம் கடலோரக் காணிக்கு விலை ஏறும்போது யார் பெயரில் உறுதி முடிகிறது என்பதுதான் எனக்குப் பார்க்க ஆசை. வீதி எந்தப் பக்கத்தால் போகவேண்டும் என்று சபையில் கை உயர்த்துகிறவருக்கு அந்தப் பக்கமே காணி இருந்தால், அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போகவேண்டாமா?

பக்கத்தில் இருந்த ஐயா போனை எட்டிப் பார்த்தார். "தம்பி, உதில சங்கிலி எத்தனை பவுண் எண்டு இருக்கும், வள்ளம் ஆற்ற பேரில எண்டு இருக்காது." நான் பதில் சொல்வதற்குள் கச்சான்காரர் வந்துவிட்டார்.