அஞ்சுக்கு மேலே ஒண்ணு

அப்பா தவறிய மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போயிருந்தேன். அக்னி தீர்த்தக் கரையில் அன்றைக்கு உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. எனக்கு வாய்த்த புரோகிதர் பதினைந்து பேரை வரிசையாக உட்கார வைத்து ஒரே மூச்சில் வேலையை நடத்திக்கொண்டிருந்தார். கோத்திரம் கேட்டார். விழித்தேன். "சிவகோத்திரம்னு சொல்லுங்க" என்று அவரே வழியும் காட்டினார். அப்பா பேர்? ராஜேந்திரன். தாத்தா பேர்? சுப்பையா. தாத்தாவோட அப்பா பேர்?

கையில் எள்ளும் தண்ணீரும் இருக்கிறது, வாயில் பேர் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவரவர் பூட்டனை மளமளவென்று ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"ரங்கூன்காரர்" என்றேன்.

"அது ஊருங்க. பேரு?"

"எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க."

"சரி, ராமசாமின்னு சொல்லிடுங்க. ராமேஸ்வரத்துல யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் எவரோ ஒரு ராமசாமிக்கு எங்கள் வீட்டு எள்ளுந்தண்ணி போய்ச் சேர்ந்திருக்கும், எங்கள் ஆள் அங்கே வெறுங்கையோடு நின்றிருப்பார் என்ற நினைப்பு, பஸ் பரமக்குடி தாண்டியும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். "நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டாரு, எனக்கென்ன தெரியும்" என்றாள். திருப்பூரில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டால், "ரங்கூன் தாத்தான்னுதான்டா கூப்பிடுவோம்" என்று அவளும் ரங்கூனிலேயே நின்றுவிட்டாள். நியாயமாகப் பார்த்தால் மூத்த பேரனான அப்பாவுக்குத்தான் அந்தப் பேர் வந்திருக்க வேண்டும். பேரன் என்ற சொல்லே பாட்டன் பேரைச் சுமக்கிறவன் என்பதால் வந்தது என்பார்கள். ஆனால், "மாமனார் பேரை வச்சுட்டா நான் பிள்ளையை எப்படித் திட்டுறது?" என்று அப்பத்தா அடம்பிடித்து, அந்தக் காலத்து நாகரிகப் பேராக ராஜேந்திரனைக் கொண்டுவந்துவிட்டாள். பிற்பாடு அந்த ராஜேந்திரனை அவள் திட்டிய திட்டுகளைக் கேட்டவன் என்ற முறையில், அது தீர்க்கதரிசனம் என்றே சொல்வேன்.

அப்பத்தாவுக்கு 89 வயது. காது, கண், நாக்கு எல்லாம் கச்சிதம். மாமனார் பேர் தெரிந்தவர்களில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான். நேராகக் கேட்டேன்.

"மாமனார் பேரைச் சொல்லுவாங்களாடா?"

"அவர் போய் அறுபது வருஷம் ஆச்சு அப்பத்தா."

"அதுக்கு? மாமனார் இல்லைன்னு ஆயிருவாரா?"

"சரி, நீ சொல்ல வேணாம். நான் ஒவ்வொரு பேரா சொல்றேன், நீ தலையை மட்டும் ஆட்டு."

"தலையாட்டுனா நான் சொன்ன மாதிரிதானே" என்று வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். உயர் நீதிமன்றத்தில்கூட இப்படி ஒரு வாதத்தை உடைக்க முடியாது.

சரி, மனுஷர் வாய் திறக்காவிட்டால் காகிதம் பேசும் என்று நினைத்தேன். பரணில் இருந்த தாத்தாவின் ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன். அவருடைய எட்டாம் வகுப்புச் சான்றிதழில் எஸ். சுப்பையா. ரேஷன் கார்டில் ஏ. சுப்பையா. பட்டாவில் சுப்பையா, த/பெ வேலு. ஒரே ஆளுக்கு மூன்று அப்பன்கள். பெட்டியில் ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. நெல், வட்டி, மாட்டுத் தரகு இவற்றுக்கு நடுவில் ஒரு வரி: "சார்வரி ௵ தை ௴ அய்யா சிவலோகப் பதவி." மகனும் பேரை எழுதவில்லை. அந்தச் சுழிகளை முதலில் பேனா ஓடுகிறதா என்று தாத்தா கிறுக்கிப் பார்த்தது என்றுதான் நினைத்தேன். அவை வருஷம், மாதம் என்பதன் குறிகள் என்று பிறகுதான் தெரிந்தது.

செல்போனில் சார்வரியைத் தேடினேன். 1900 என்று வந்தது. ஆஹா என்று குறித்துக்கொண்டு ஒரு வாரம் திரிந்தேன். அப்புறம்தான் உறைத்தது: தாத்தா பிறந்ததே 1927-இல். அப்படியானால் செத்து 26 வருஷம் கழித்துப் பூட்டன் பிள்ளை பெற்றிருக்கிறார். தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒரு தரம் திரும்பி வரும் என்பது பள்ளியில் படித்ததுதான். நம் வீட்டு ஆள் அதில் மாட்டும்வரை மண்டையில் ஏறவில்லை. அடுத்த சார்வரி 1960-61. ஆக அவர் போனது 1961 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. (கொரோனாவுக்கு நாம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த 2020-உம் சார்வரிதான். அந்த வருஷத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஆகாது போல.)

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்னால் ஊரில் கிராம முன்சீப்புதான் கணக்கு எழுதுவார். நாலு அலுவலகம் ஏறி இறங்கி, தும்மித் தும்மி, 1961 ஜனவரி வரைக்கும் வந்து சேர்ந்தேன். எங்கள் ஊர், ஆண், வயது 60, காய்ச்சல், எல்லாம் சரியாக இருந்தது. பெயர் என்ற கட்டத்தில் அழகான கையெழுத்தில், "ரங்கூன்காரர்."

அந்த முன்சீப் மட்டும் உயிரோடு இருந்திருந்தால் அவரையும் அந்தப் பதிவேட்டில் ஏற்றியிருப்பேன்.

பட்டாவில் இருந்த வேலுவைப் பிடிக்க ஊருக்குப் போனேன். பூர்வீகத்தைத் தேடி ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நீங்கள் தாத்தாவுக்கு அப்பா யார் என்று கேட்டால், அவர்கள் காதில் "என் பங்கு எங்கே" என்றுதான் விழும். சித்தப்பா முறை உள்ள ஒருவர் வாசலிலேயே நிறுத்தி, காப்பி கொடுத்து, "அந்தக் கிணத்துப் பக்கம் நிலம் எல்லாம் உங்க தாத்தா இருக்கும்போதே பேசி முடிச்சாச்சுப்பா" என்றார். நான் கிணறு என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வெறும் பேருக்காக ஒருத்தன் மதுரையிலிருந்து பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான் என்பதை அவர் கடைசிவரை நம்பவில்லை. வேலு என்பவர் மேலத்தெருவில் இருந்த இன்னொரு சுப்பையாவின் அப்பா. 1979-இலிருந்து 1987 வரை யூ.டி.ஆர். என்று நிலக் கணக்கைப் புதுப்பித்தார்களே, அப்போது கை மாறி விழுந்த தப்பாம். தேடப் போன பூட்டன் கிடைக்காமல் பட்டா திருத்தம் என்று ஒரு புது வேலை கிடைத்தது.

மிச்சம் இருந்தது ஒரு கிரயப் பத்திரம். 1936-ஆம் வருஷம், ராஜா தலை போட்ட முத்திரைத்தாள். ரங்கூன் பணத்தில் வாங்கிய நிலமாக இருக்கும். அன்றைக்கு ரங்கூனில் இருந்த நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அதில் இவரும் ஒருவர். ஏதோ ஒரு கிட்டங்கியில் சமையல் வேலை என்று கேள்வி. 1941 டிசம்பரில் குண்டு விழுந்ததும் ஓடியவர்களோடு ஓடி, காடு மலையெல்லாம் நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். அவ்வளவு தூரம் நடந்து வந்தவருக்குப் பேரை மட்டும் கூடக் கொண்டுவர முடியவில்லையா என்று எனக்கு ஆற்றாமை.

பத்திர எழுத்தில் ஒரு மெய்க்கும் புள்ளி இல்லை. மேற்படிக்கு ஒரு சுழி, ரூபாய்க்கு ஒரு சுழி. பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். வாங்குகிறவர் பேர் வருகிற இடத்துக்கு வந்தால், கரையான் எனக்கு முன்னாலேயே வந்து போயிருந்தது. ஓட்டையைத் தாண்டி மிஞ்சியது இவ்வளவுதான்: "…முகம்."

பின்பக்கத் தாளே இல்லை, அதனால் பத்திர எண்ணும் இல்லை. நகல் எடுக்கலாம் என்று பதிவு அலுவலகத்துக்குப் போனேன். "பேரு இருந்தா அட்டவணையைப் பார்த்து எடுத்துடலாம் சார்" என்றார் எழுத்தர்.

"பேரைக் கண்டுபிடிக்கத்தான் பத்திரத்தைத் தேடுறேன்."

"பத்திரத்தைக் கண்டுபிடிக்கப் பேரு வேணுமே." இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். "சர்வே நம்பர் இருக்கா?" என்று அவரே இன்னொரு கதவைத் திறந்தார். பத்திரத்தில் இருந்தது பைமாஷ் நம்பர், ஜமீன் காலத்துப் பழைய நில எண். எங்கள் பக்கம் ஜமீன் பூமி. 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அரசாங்கம் அளந்து செட்டில்மெண்ட் செய்த பிறகு வந்தவைதான் இப்போதைய நம்பர்கள். அவர் பைமாஷ் என்ற சொல்லைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். புரிந்துகொண்டு எழுந்தேன்.

கையில் இருந்தவை முகம் என்ற வால், எஸ், ஏ என்ற இரண்டு தலைகள். சண்முகமா, ஆறுமுகமா? இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், ஆறு முகம் கொண்ட முருகன். ஆனால் அமாவாசைக்கு அர்த்தத்தைச் சொல்லித் தண்ணீர் இறைக்க முடியாது.

மார்கழியில் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பத்திரத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். முற்றத்தில் அப்பத்தா தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். தேங்காய் போடுகிறவன் மட்டையோடு போட்டுவிட்டுப் போன குவியல். ஒவ்வொன்றாகக் காலால் தள்ளித் தள்ளி எண்ணினாள். "மூணு, நாலு, அஞ்சு, அஞ்சுக்கு மேலே ஒண்ணு, ஏழு, எட்டு…"

சின்ன வயதிலிருந்து கேட்ட எண்ணிக்கைதான். அவள் மடியில் உட்கார்ந்து நானும் அப்படியே கற்றுக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் டீச்சர் முன்னால் "அஞ்சு, அஞ்சுக்கு மேலே ஒண்ணு" என்று சொல்லிக் குட்டு வாங்கியவன் நான். ஊர்ப் பழக்கம் போல என்று விட்டிருந்தேன். அன்றைக்குத்தான் தலைக்குள் வரிசையாக விளக்கு எரிந்தது. அப்பத்தா வைகை என்பாள், ஆறு என்று சொன்னதே இல்லை. சாயங்காலம் என்றால் விளக்கு வைக்கிற நேரம். அதற்கு மணிக்கணக்கு கிடையாது. காப்பி ஆறிப்போச்சு என்று உலகமே சொல்லும்போது அவள் மட்டும் குளுந்துபோச்சு என்பாள். எழுபது வருஷத்துக்கு மேலாக மாமனார் பேரின் முதல் இரண்டு எழுத்தை மிதிக்காமல் தமிழில் நடந்திருக்கிறாள்.

"ஆறுமுகம்!" என்று கத்தினேன்.

அப்பத்தா கையில் இருந்த தேங்காயைப் போட்டாள். சட்டென்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார் என்பது போல.

"நான் சொல்லல. நீயாத்தான் கண்டுபிடிச்ச. சாமிக்குத் தெரியும்" என்றாள்.

"அப்ப எஸ் எப்படி வந்துச்சு?"

"பள்ளிக்கூடத்து வாத்தியாரு ரெண்டும் ஒண்ணுதானேன்னு அவரா மாத்தி எழுதிக்கிட்டாராம். உங்க தாத்தா சொல்லிச் சிரிப்பாரு." இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டால், "நீ வாத்தியாரைப் பத்திக் கேக்கலையே" என்று பதில்.

தை அமாவாசைக்கு மறுபடி ராமேஸ்வரம். இந்தத் தரம் வேறு புரோகிதர், அவசரப்படாத ஆள். ராஜேந்திரன், சுப்பையா, ஆறுமுகம் என்று மூன்று பேரையும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். ஆறுமுகம் என்னும்போது குரல் கொஞ்சம் கூடிவிட்டது. பக்கத்துக் கோஷ்டி திரும்பிப் பார்த்தது. அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "அம்மா பேரு?" என்றார்.

"அம்மா இருக்காங்க."

"அப்பாவோட அம்மா?"

"அவங்களும் இருக்காங்க."

"குடுத்து வச்சவரு. அப்ப தாத்தாவோட அம்மா பேரு சொல்லுங்க."

பத்திரம், பட்டா, நோட்டு எல்லாவற்றையும் மனசுக்குள் ஒரு புரட்டுப் புரட்டினேன். எதிலும் அப்படி ஒருத்தி இருந்ததற்குத் தடயமே இல்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போட்டு அப்பத்தாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மாமியா பேரா?" மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதுவும் சொல்லக் கூடாதா அப்பத்தா? மரியாதையா?"

"மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது. அவ எனக்குப் பண்ணுன கொடுமைக்கு அவ பேரை நான் எதுக்குடா சொல்லணும்? வைடா போனை."

புரோகிதர் என் முகத்தைப் பார்த்தார். தர்ப்பையைச் சரிசெய்தபடியே, "சீதைன்னு சொல்லிடுங்க" என்றார்.