எம்-2 அரியரும் ஒரு மாவு மில்லும்

கல்லூரியில் எம்-2 என்கிற இரண்டாம் கணிதத் தாளில், வெக்டர் கால்குலஸ் பகுதியில் கிரீன், ஸ்டோக்ஸ், காஸ் என்று மூன்று தேற்றங்கள் வரும். ஏதாவது ஒன்று 16 மார்க்குக்குக் கட்டாயம் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். நான் காஸை மட்டும் நம்பிப் போனேன். கேள்வித்தாளில் கிரீன் வந்தார். எம்-2 அரியர். அதை முடிக்க மேலும் இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது என்பது என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

அந்தக் கிரீன் ஒரு மாவு மில்காரர் என்று அப்போது யாரும் சொல்லவில்லை. அவருடைய காற்றாலை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ஸ்னெய்ன்டன் என்ற பகுதியின் மேட்டில் இன்னும் நிற்கிறது. நாங்கள் இருக்கும் லெஸ்டரிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான். ஊரிலிருந்து அம்மா வந்திருந்ததால் எங்காவது கூட்டிப்போக வேண்டும். "காத்தாடி பாக்கப் போறோம்" என்றேன்.

"இதுக்கா மக்களே பிளேன் ஏறி வந்தேன்? நம்ம மொட்டமாடியில நின்னா நூறு காத்தாடி தெரியுமே" என்றார். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழி, கன்னியாகுமரி மாவட்டத்தில் காற்றாலைகள் நிறைந்த ஊர். பதில் சொல்ல முடியவில்லை.

நாட்டிங்ஹாம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம். கடைசி ஏற்றத்தில் அம்மா இரண்டு முறை நின்றார். வீட்டுக் கூரைகளுக்கு மேலே திடீரென்று தெரிந்தது: செங்கல் கோபுரம், மேலே வெங்காயம் போல ஒரு வெள்ளைத் தொப்பி, நான்கு இறக்கைகள். சுற்றவில்லை. காற்றே இல்லை. என் மகள் முகம் தொங்கிப்போனது. "ஆனி, ஆடியில வந்திருக்கணும்" என்றார் அம்மா, ஆரல்வாய்மொழிக் கணக்கில்.

கட்டியது 1807-இல், கிரீனின் அப்பா. அவர் பேக்கரிக்காரர். அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1800-இல், ரொட்டி விலை ஏறியபோது ஊர் மக்கள் அவர் கடையைத் தாக்கியிருக்கிறார்கள். மகன் ஜார்ஜ் பள்ளிக்கூடம் போனது எட்டு வயதில். அதுவும் இரண்டு வருடம்கூட முழுதாக இல்லை. பிறகு பேக்கரி, அதன்பின் மில். மில்லின் மேல்மாடியில் உட்கார்ந்துதான் கணக்குப் போட்டார் என்று இங்கே சொல்கிறார்கள். காற்றில்லாத இப்படி ஒரு நாளில் மில்காரருக்கு வேறென்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. காற்று வந்தால் நடுராத்திரியிலும் எழுந்து ஓட்ட வேண்டும். வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும்.

உள்ளே நுழைய டிக்கெட் இல்லை, உண்டியல் இருக்கிறது. மாடிக்கு மாடி மரப்படி, கிட்டத்தட்ட ஏணி. அம்மா முழங்காலைத் தட்டிக் காட்டிவிட்டுக் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் ஏறினோம்.

இறக்கை சுற்றினால் தொப்பிக்குள் இருக்கும் படுக்கை அச்சு சுற்றும். அதிலுள்ள பெரிய பல்சக்கரம் நடுவே நிற்கும் செங்குத்துத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டு கீழ்மாடியில் கற்களைச் சுழற்றும். நான் ரசித்தது பற்களை. மரப்பல் இரும்புப் பல்லோடு பொருந்துகிற மாதிரி அமைப்பார்களாம். இரும்போடு இரும்பு உரசினால் சத்தம், தீப்பொறி. மாவுத்தூசி பறக்கும் இடத்தில் தீப்பொறி ஆகாது. தவிர, ஏதாவது சிக்கினால் மரப்பல்தான் உடையும், ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தொப்பியின் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி. காற்று திசை மாறி அதன்மேல் பட்டால் அது சுழன்று, மொத்தத் தொப்பியையும் மெல்லத் திருப்பி இறக்கைகளைக் காற்றுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தும். எங்கள் ஊர்க் காற்றாலைகளில் இதே வேலையை மோட்டார் செய்கிறது.

கீழே வந்து பார்த்தால், அங்கிருந்த தன்னார்வலரிடம் அம்மா தமிழிலேயே பேசிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் எந்தச் சிரமமும் இருப்பதாகத் தெரியவில்லை. முன்னால் ஒரு பழைய அரைகல். நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் செதுக்கிய வரிவரியான பள்ளங்களை விரலால் தடவிக்கொண்டே, "இது தேஞ்சு போச்சு, கொத்தணும்" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அந்த மனிதர் வேகமாகத் தலையாட்டினார். கல்லைத் தூக்கிப் புரட்டி, உளியால் பள்ளங்களை மறுபடி கொத்துவது மில்லில் பெரிய வேலையாம். "அம்மி கொத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு போனவர்களை எனக்கே ஞாபகம் இருக்கிறது. அம்மாவுக்கு அதற்கு மேலும் தெரிந்திருந்தது: அடிக்கல் அசையாது, மேல்கல்தான் சுற்றும், தானியம் நடுக்குழியில் விழுந்து ஓரத்தில் மாவாக வரும். "நம்ம திருகைதான் இது. கைக்குப் பதிலா காத்து."

பக்கத்துக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான அறிவியல் கூடம் இருக்கிறது. காந்தம், ஒளி, புதிர்கள். மகள் அங்கேயே தங்கிவிட்டாள், நல்லவேளை. நான் கிரீனின் கதையில் நின்றேன். 1828-இல், 34 வயதில், மின்சாரமும் காந்தமும் பற்றிய கணிதக் கட்டுரையைத் தன் செலவில் நூலாக்கினார். முன்பணம் கட்டி வாங்கியவர்கள் 51 பேர். பெரும்பாலும் உள்ளூர் நூலக உறுப்பினர்கள். எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? நாம் பரீட்சையில் எழுதுகிற வடிவத்தில் அந்தத் தேற்றம் அதில் இல்லை என்பது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். ஆனால் வித்து அதில்தான். வயலுக்குள் கால் வைக்காமல் வரப்பைச் சுற்றி நடந்தே உள்ளே எவ்வளவு என்று சொல்லிவிடலாம் என்பதுதான் அந்தத் தேற்றத்தின் விஷயம். எனக்கு அன்றைக்கு யாராவது வரப்பு என்று சொல்லியிருந்தால் போதும்.

அப்பா இறந்தபின் மில்லைக் குத்தகைக்கு விட்டு, 40 வயதில் கேம்பிரிட்ஜில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்தார். 1837-இல் கணிதத்தில் நான்காம் இடம். 1841-இல், 47 வயதில் இறந்துபோனார். மில் மேலாளர் மகள் ஜேனோடு ஏழு குழந்தைகள், கல்யாணம் கடைசிவரை இல்லை. இதை மட்டும் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

1845-இல் பின்னாளில் கெல்வின் பிரபு ஆன இளைஞர் வில்லியம் தாம்சன் அந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்து, பிறகு ஒரு ஜெர்மன் கணித இதழில் மறுபடி அச்சிட வைத்தார். அதன்பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. மில் பின்னாளில் கைவிடப்பட்டது. 1947-இல் தீப்பிடித்து எரிந்தது. 1980-களில் நகராட்சி பழுதுபார்த்து மறுபடி ஓடவைத்தது.

கொஞ்ச தூரத்தில் புனித ஸ்டீபன் தேவாலயத் தோட்டத்தில் கிரீனின் கல்லறை. இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தால் பெரிய கணித மேதையாக வந்திருப்பார் என்று அவர் இறந்தபோது உள்ளூர்ப் பத்திரிகை எழுதியதாம். "வந்திருப்பார்" என்று!

கிளம்பும்போது கடையில் ஒரு பை கோதுமை மாவு வாங்கினோம். அம்மா ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "நல்லா அரைச்சிருக்கு. ஆனா சலிக்கல" என்றார். ராத்திரி சலித்து, தவிட்டைத் தனியே எடுத்து வைத்து, கோதுமை தோசை சுட்டார். அந்தத் தவிட்டை என்ன செய்வது என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். லெஸ்டரில் மாடு இல்லை.