டெர்ரி கேலியரைத் தேடிச் சிகாகோவில் ஒரு நாள்

சிகாகோ அவென்யூ ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே பத்து நிமிடம் நடந்தால், கேப்ரினி-கிரீன் என்ற அரசுக் குடியிருப்பில் மிஞ்சியிருக்கும் வரிசை வீடுகள் வந்துவிடுகின்றன. அடுக்குமாடிகளில் கடைசியானதை 2011இல் இடித்துவிட்டார்கள். செங்கல் நிறத்தில் தாழ்வாக நிற்கும் இந்த வீடுகளிலும் பல அடைத்துக் கிடக்கின்றன. 1945இல் பிறந்த பாடகர் டெர்ரி கேலியர் வளர்ந்தது இந்தப் பகுதியில்தான். பாடகர்கள் கர்டிஸ் மேஃபீல்டும் ஜெர்ரி பட்லரும் அவருடைய பால்ய நண்பர்கள். அவர்கள் இருவரும் பெரும்புகழ் பெற, இவர் பெயர் மட்டும் பின்தங்கிவிட்டது.

ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் இசையில் மனத்தைப் பறிகொடுத்திருந்த கேலியர், 1964இல் தம் முதல் இசைத்தட்டைக் கிதாருடன் தாழ்ந்த சுரம் எழுப்பும் இரண்டு பாஸ் வாத்தியங்களை மட்டும் துணைக்கு வைத்துப் பதிவுசெய்தார். அது கடைக்கு வரவே சில ஆண்டுகள் ஆயின. எழுபதுகளில் சார்லஸ் ஸ்டெப்னியின் தயாரிப்பில் வந்த மூன்று தட்டுகளும் விற்பனையில் எடுபடவில்லை. அவற்றுள் ‘வாட் கலர் இஸ் லவ்’ தட்டை மதியம் ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில் கேட்டேன். முதல் பாட்டு ஏறக்குறைய ஒன்பது நிமிடம்: தனிக் கிதாரின் மேல் தாலாட்டுப்போல் தொடங்கும் குரல், ஊதுகருவிகள் பொங்கி எழும்போது தானும் கூடவே ஏறி, பிறகு கூச்சலின் சுவடே இல்லாமல் கிதாரிடம் திரும்பி வருகிறது. இப்படிப் பாடியவரை எப்படிக் கேட்காமல் விட்டார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வலித்தது.

1983இல், மகளை வளர்க்கும் பொறுப்புக்காக மேடையை விட்ட கேலியர், கணினி நிரல் எழுதப் படித்துச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அவ்வாண்டு அவர் வெளியிட்டிருந்த சிறு தட்டு ஒன்றை இங்கிலாந்தின் நடன அரங்குகள் கொண்டாடிக்கொண்டிருந்ததை, ஆசிட் ஜாஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் எடி பில்லர் தேடிப்பிடித்துத் தொலைபேசியில் அழைத்த பிறகே அவர் அறிந்தார். அதன்பின் அலுவலக விடுப்பு நாள்களில் லண்டனுக்குப் பறந்து பாடிவிட்டுத் திரும்புவார். 1998இல் ‘டைம்பீஸ்’ தொகுப்புக்கு ஐ.நா. விருது கிடைத்தபோதுதான் இந்த இரட்டை வாழ்க்கை உடன் வேலை பார்த்தவர்களுக்கே தெரிந்தது, வேலையும் போயிற்று. 2012இல் மறையும்வரை அவர் பாடிக்கொண்டிருந்தார்.

மாலையில் சிகாகோவின் ஹைட் பார்க் பகுதியில், பல்கலைக்கழகப் புல்வெளியோரம் உட்கார்ந்திருந்தேன். அலுவலகம் முடிந்து தோளில் பையோடு பேருந்துக்கு விரைந்தவர்களுள் சற்று வயதான ஒருவர், மெல்ல எதையோ முணுமுணுத்தபடி என்னைக் கடந்து போனார்.